ஹெரிடேஜ் ஹோட்டல் படியில் விழுந்த அம்மா: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பெற்றோரின் 40ஆவது திருமண நாளுக்காகப் புதுச்சேரி ஒயிட் டவுனில், பழைய பிரெஞ்சு மாளிகையைப் புதுப்பித்து நடத்தும் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுக்கு அறை எடுத்தேன். ஆப்பில் காட்டிய அறை வேறு, கொடுத்த அறை வேறு. லிஃப்ட் இல்லை. அறையில் வெந்நீருக்குக் கெட்டில்கூட இல்லை. மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று முதல் நாள் மாலையே ரிசப்ஷனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னோம். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். காலை இட்லி ஆறிப்போயிருந்தது. மேனேஜரிடம் கேட்டால், 'ஹெரிடேஜ் பில்டிங்னா இப்படித்தான் சார் இருக்கும்' என்று நக்கல். இரண்டாம் நாள் இரவு, மாத்திரை போட வெந்நீர் கேட்டு வரக் கீழே இறங்கிய என் 63 வயது அம்மா படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. புதுச்சேரியில் முதலுதவி, மறுநாள் கோவையில் அறுவை சிகிச்சை. செலவு 3,40,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் 2,75,000 கொடுத்தது. ஹோட்டல் அறை வாடகையைத் திருப்பித் தந்துவிட்டு, மேற்கொண்டு 1,50,000 தருகிறோம் என்கிறது. மேனேஜர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. கோபத்தில் அவருக்கு, 'பத்து லட்சம் தரவில்லை என்றால் யூடியூபில் போட்டு உங்களை நாறடித்துவிடுவேன்' என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
— கோவை வாசகர்

பதில்: மேலே இருப்பது சுருக்கம். வந்த கடிதம் நான்கு பக்கம், அதில் இரண்டரைப் பக்கம் மேனேஜரைப் பற்றி. வழக்குக்கு வேண்டியது ஒரே வரி. அதையும் கெட்டிலுக்கும் இட்லிக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். விளக்கு எரியவில்லை என்று முதல் நாளே எழுத்தில் சொன்னீர்கள், ஆள் அனுப்புகிறோம் என்று எழுத்திலேயே பதில் வந்தது, மறுநாள் இரவு வரை யாரும் வரவில்லை. உங்கள் வழக்கு இவ்வளவுதான்.

அறைப் படம், ஆறிய இட்லி, நக்கல் பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வாடகையைத் திருப்பி வாங்கியதோடு அவை முடிந்தன. மேனேஜர் பார்க்க வரவில்லை என்பது மனிதப் பண்பு சம்பந்தப்பட்டது, அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. இதையெல்லாம் மனுவில் சேர்த்தால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் இட்லிக்குத்தான் பதில் எழுதுவார், பத்துப் பத்திக்கு எழுதுவார். இட்லிக்கும் இடுப்பு எலும்புக்கும் ஒரே மனுவில் நஷ்டஈடு கேட்டால், படிக்கிறவருக்கு எலும்பும் இட்லி மாதிரிதான் தெரியும்.

லிஃப்ட் இல்லை என்பதும் எடுபடாது. புதுச்சேரியில் பழசைக் காப்பாற்றுவது சாதாரண விஷயமில்லை. 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி என்ற பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடத்தையே பழைய முகத்தோடு திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அந்தக் காலத்து வீட்டில் படி செங்குத்தாகத்தான் இருக்கும், மரக் கைப்பிடி தாழ்வாகத்தான் இருக்கும். தெரிந்துதான் காசு கொடுத்துத் தங்கினீர்கள் என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஃப்யூஸ் போன பல்பை மாற்றக் கூடாது என்று எந்தப் பாரம்பரிய விதியும் இல்லை. படி பழசு என்பதற்கு ஹோட்டல் பொறுப்பில்லை; படி இருட்டு என்பதற்குப் பொறுப்பு உண்டு. படி செங்குத்து என்று தெரிந்தவர்கள் அங்கே வெளிச்சம் கூடுதலாகத்தானே வைக்க வேண்டும்? அவர்களுடைய ஹெரிடேஜ் வாதத்தை இப்படித் திருப்பிப் போடலாம்.

செக்-இன் அட்டையில் 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் வேலே பார்க்கிங்கில் கொடுத்த கார் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது: தன் கவனக்குறைவுக்கும் தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்குமான பொறுப்பிலிருந்து, 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டு ஹோட்டல் நழுவ முடியாது. அது காரைப் பற்றிய வழக்கு, உங்களுடையது ஆளைப் பற்றியது. இருந்தாலும் அந்தப் பொடி எழுத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு அது போதும்.

இனி கசப்பான பக்கம். அந்த வாட்ஸ்அப் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. விளக்கு இல்லை என்று ஹோட்டலுக்குத் தெரியும் என்பதை அது நிரூபிக்கிறது. உங்களுக்கும் தெரியும் என்பதையும் அதுவேதான் நிரூபிக்கிறது. தெரிந்தும் 63 வயது அம்மாவை இரவில் தனியாக ஏன் அனுப்பினீர்கள், கையில் இருந்த போனில் டார்ச் இல்லையா என்று கேட்பார்கள். கவனக்குறைவில் உங்களுக்கும் பங்கு என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியை வெட்டப் பார்ப்பார்கள். இங்கேதான் அந்தக் கெட்டில் திரும்ப உள்ளே வருகிறது, குறையாக அல்ல, காரணமாக. அறையில் வெந்நீருக்கு வழியில்லாததால் அவர் இறங்க வேண்டி வந்தது. அதற்கு முன் ரிசப்ஷனுக்கு போன் செய்து யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த அழைப்பு போனில் பதிவாகியிருக்கும். இருக்கிறதா பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடக் கெடு. பணம் கட்டியது நீங்கள், விழுந்தது அம்மா என்பதும் பிரச்சினையில்லை. உங்கள் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவர் என்ற முறையில் அவரும் நுகர்வோர்தான். மனுதாரராக அவர் பெயரையும் போடுங்கள். எதிர்தரப்பில் ஆப்பை இழுக்காதீர்கள், கட்டட உரிமையாளரைத் தேடியும் அலையாதீர்கள். உரிமையாளர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் இன்னொருவர் என்று இருந்தால் உங்களுக்கு வேண்டியவர் நடத்துகிறவர்தான். பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கும் சட்டப்படியான பெயரைப் பிடியுங்கள். போர்டில் இருக்கும் பிரெஞ்சுப் பெயரின் மீது வழக்குப் போட்டால் நோட்டீஸ் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். கோவை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. முதல் பக்கத்தில் நோயாளி வரலாறு என்ற இடத்தில் ஒரு வரி: 'வீட்டில் வழுக்கி விழுந்தார்.'

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறோம். கவுன்டரில், 'எங்கே விழுந்தாங்க?' என்று கேட்கிறார்கள். ஹோட்டலில் என்று சொன்னால் எம்.எல்.சி. எனும் மருத்துவ-சட்டப் பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும், ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு சொந்தக்காரர் காதில் ஓதுகிறார். 'வீட்லதான் சார், வழுக்கிட்டாங்க' என்று வாயில் வந்துவிடுகிறது. அந்த நிமிடத்தில் அது பொய்யாகக்கூடத் தோன்றாது.

ஒரு ரிசார்ட் நீச்சல் குளத்தருகே விழுந்து கால் முறிந்த பெரியவரின் மகன் ஒருமுறை என்னிடம் வந்தார். ஃபோட்டோ இருந்தது, பில் இருந்தது, கூட வந்த இரண்டு குடும்பங்கள் சாட்சி சொல்லத் தயாராக இருந்தன. ஆஸ்பத்திரிப் பதிவில் 'ரோட்டில் விழுந்தார்' என்று இருந்தது. எதிர்தரப்பு வேறு எதையும் வாதாடவில்லை, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மனு தள்ளுபடி. சொந்தக்காரச் சாட்சி பத்துப் பேர் இருந்தாலும், சம்பவம் நடந்த சூட்டில், வழக்கு என்ற நினைப்பே இல்லாத நேரத்தில் எழுதிய காகிதத்துக்குத்தான் எடை.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலுதவி புதுச்சேரியில் நடந்ததால், அங்கே அவசரப் பிரிவில் என்ன எழுதினார்கள் என்பதுதான் இப்போது உங்கள் உயிர். அந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும் கேஸ் ஷீட்டையும் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. அதே விதிப்படி அவர்கள் மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். அதில் ஹோட்டல் மாடிப்படி என்று இருந்தால், சம்பவத்துக்கு மிக அருகில் எழுதிய காகிதம் அதுதான் என்று கோவைக் காகிதத்தை எதிர்கொள்ளலாம். அதிலும் வீடு என்றே இருந்தால் வழக்கை மறந்துவிட்டு, கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவை மருத்துவரிடம் போய், 'அந்த வரியை மாற்றிக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். திருத்திய காகிதத்துக்குத் தப்பான காகிதமே மேல். தகவல் சொன்னவர் யார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மனுவிலேயே நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அவர்கள் கண்டுபிடித்துப் படித்தால் அது பொய், நீங்களே சொன்னால் அது பதற்றம். அப்புறம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் படிவம். அதில் விபத்து நடந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? அதுவும் வீடு என்றால் ஆஸ்பத்திரிப் பதற்றம் என்ற விளக்கம் அங்கே செல்லாது. அதை வீட்டில் உட்கார்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். காப்பீடு கொடுத்த 2,75,000ஐ மறைத்து மொத்த பில்லையும் ஹோட்டலிடம் கேட்கும் யோசனை இருந்தால் அதையும் கைவிடுங்கள்.

யூடியூப் மெசேஜ். ஒரு நஷ்டஈட்டு வழக்கில் இருந்த உங்களைக் கிரிமினல் வழக்கின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது அது. பணம் தராவிட்டால் பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 308ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தல் என்பதற்கான முதல் உதாரணத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உங்களுக்கு நியாயமான கோரிக்கை இருக்கிறது, பணமும் கைமாறவில்லை. அதனால் வழக்கு நிற்குமா என்பது வேறு. ஆனால் பேச்சுவார்த்தையில் அவர்கள் கையில் அது ஒரு துருப்புச் சீட்டு. அழிக்காதீர்கள், அவர்களிடம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். இனி மேனேஜருக்கு நேரடியாக ஒரு எழுத்தும் வேண்டாம், எல்லாம் வக்கீல் நோட்டீஸ் வழியாகப் போகட்டும். வாட்ஸ்அப் உள்ள போனையும் மாற்ற வேண்டாம். சாட்சியச் சட்டத்தை ஆணையம் எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதுதான். இருந்தாலும் மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வைத்துவிடுவது நல்லது.

25 லட்சம் பற்றி. ஆணையத்தில் கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல, சேவைக்குக் கொடுத்த காசைப் பொறுத்தது. உங்கள் அறை வாடகைக்குக் கட்டணமே இல்லை. கேட்கக் காசில்லை என்பதால் ஆளாளுக்கு லட்சங்களில் கேட்கிறார்கள், ஆணையத்துக்கும் அது பழகிப்போய்விட்டது. உங்கள் கையிலிருந்து போனது 65,000. பிசியோதெரபி, வீட்டில் துணைக்கு வைத்த ஆள், வலி, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து, கவனக்குறைவில் உங்கள் பங்கையும் கழித்தால், 25 லட்சத்துக்குப் பக்கத்தில் எந்தக் கணக்கும் வராது.

எனவே சமரசத்துக்குப் போங்கள். ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் அந்த வாட்ஸ்அப் நினைவிருக்கிறது. மூன்றரை கேளுங்கள், இரண்டரைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதை நம்பிக் காலண்டரில் குறிக்காதீர்கள். மேலே சொன்ன டெல்லி வழக்கில் கார் காணாமல் போனது 1998 ஆகஸ்டில். தீர்ப்பு வந்த வருடம் ஏற்கெனவே சொன்னேன்.

சமரசக் காகிதத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். வாடகையைத் திருப்பித் தந்தபோது வந்த மெயிலில் 'அனைத்துக்கும் முழுத் தீர்வாக' என்ற சொல் இருந்து, நீங்கள் 'ஓகே, நன்றி' என்று பதில் போட்டிருந்தால் முதலில் எனக்கு அதை அனுப்புங்கள். அடுத்து, அவர்கள் தரும் வாசகத்தில் 'இனி வரக்கூடிய சிகிச்சைக்கும்' என்று நிச்சயம் இருக்கும். நான்கு பக்கக் கடிதத்தில் அம்மா இப்போது நடக்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. வைத்த பிளேட் சரியாக இருக்கிறதா, இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படுமா, நிரந்தரக் குறைபாடு எவ்வளவு என்று அறுவை செய்த மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.