பழைய லாரியில் பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கம் மொத்தமும் சேர்ந்து சிமிட்டுகிறது. பல்பு, ஃபியூஸ் மாற்றியும் சரியாகவில்லை. என்ன காரணம்?

பல்பு மேல் பழி போடாதீங்க. இது பெரும்பாலும் எர்த் கோளாறுதான், அதாவது கரண்ட் விளக்கிலிருந்து சேசிஸ் (லாரியின் இரும்புச் சட்டம்) வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு.

பின் விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் துருவில் அறுபட்டால், பிரேக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் டெயில் இழைக்குள் புகுந்து, அந்த ஒயர் வழியே மற்ற விளக்குகளுக்குப் போய் எர்த்தைத் தேடும். அதனால்தான் ஒன்றை எரியவிட்டால் இன்னொன்று ஆட்டம் காட்டுகிறது.

சோதிப்பது சுலபம். ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சேசிஸில் பெயிண்ட் சுரண்டிய இடத்திலும் அழுத்திப் பிடிங்க. உதவிக்கு ஒருவர் பிரேக் மிதிக்கட்டும். பளிச்சென்று எரிந்தால் வியாதி தெரிந்துவிட்டது. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிடுங்க.

மல்டிமீட்டரில் 24 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட் காட்டும். பல்பைப் போட்டால் அந்த வோல்ட் படுத்துவிடும். விளக்கு எரியும்போதே, எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பாதை சரியில்லை.

ஃபியூஸ் போகிறதென்று செம்புக் கம்பி சுற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். அடுத்து எரிவது ஒயரிங்தான்.