கரிம ஏரோசாலை (காற்றில் மிதக்கும் கரிமத் துகள்) மாடல் அளந்ததைவிடக் குறைவாகக் காட்டுகிறது, இன்னும் வேதிவினைகளைச் சேர்க்க வேண்டுமா?

உடனே சேர்க்காதீர்கள். நீங்கள் ஆய்வு மாணவர், "கெமிஸ்ட்ரி போதவில்லை" என்று வழிகாட்டி சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

பைன் மரங்கள் வெளிவிடும் ஆல்ஃபா பைனீன் என்ற ஆவி ஓசோனோடு வினைபுரிவதை ஒரு பாக்ஸ் மாடலில் (காற்றை ஒரே பெட்டியாக வைத்துக் கணக்கிடுவது) ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிக்காற்றில் அளந்த இரண்டாம் நிலைத் துகளில், அதாவது ஆவிகள் வினைபுரிந்து காற்றிலேயே உண்டாகும் துகளில், பாதிகூட வரவில்லை. நாலு மாதம், பெராக்சி ராடிக்கல் (வினையின் இடையில் உண்டாகி, வேகமாக வினைபுரியும் பொருள்) வினைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொண்டே போனேன், பட்டியல் நீண்டதே தவிர நிறை பெரிதாக அசையவில்லை. கோளாறு இருந்தது வேறு இடத்தில். ஆவி எவ்வளவு துகளுக்குள் போகும் என்பது, அங்கே ஏற்கெனவே எவ்வளவு கரிமத் துகள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சி-ஸ்டார் (எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் எண், கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்) 10 உள்ள சேர்மம் என்றால், கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் துகள் இருக்கும்போது 9 சதவீதம்தான் உள்ளே போகும்; 10 இருந்தால் பாதி, 100 இருந்தால் 91 சதவீதம். என் மாடலில் தொடக்க மதிப்பு சுழியம்! புகையாக நேரடியாக வந்த துகள் கணக்கிலேயே இல்லை. ஒரே ஒரு வரி.

(நேரடிப் புகைத் துகளும் புதிதாக உண்டானதும் எப்போதும் ஒன்றாகக் கலந்துவிடாது என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும்.)

அதற்குப் பிறகும் இடைவெளி முழுசாக மூடவில்லை. அப்புறம்தான் விளைச்சல் எண்கள் (வினைபுரிந்த ஆவியில் எவ்வளவு துகளாகிறது என்பது) எங்கிருந்து வந்தவை என்று பார்த்தேன். டெஃப்ளான் சுவர் கொண்ட அறைகளில் செய்த சோதனைகளிலிருந்து. அங்கே ஆவி, துகளில் படியாமல் சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். டொலுவீன் என்ற கரைப்பானுக்கு இதனால் விளைச்சல் 4 மடங்கு வரை குறைவாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு முந்தைய எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் மாடல் குறைவாகத்தான் காட்டும்.

வேதியியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பைனீனிலிருந்து வரும் பெராக்சி ராடிக்கல் தனக்குள்ளேயே ஹைட்ரஜனை இடம் மாற்றி, அடுத்தடுத்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆவியாகவே முடியாத பொருளாகிவிடும். அந்தப் பாதை உங்கள் மாடலில் இல்லையென்றால் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் முதலில் தொடக்க மதிப்புகள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தச் சுழியம் நான் போட்டதல்ல. எனக்கு முன்னால் மாடலின் நிரலை எழுதியவர் மாறிகளுக்கு எக்ஸ்1, எக்ஸ்2 என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.