ஓப்பன் கோல்ஃப் போட்டியை நேரில் காணச் செல்பவர்கள் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும்?

வெள்ளவத்தையைச் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லிவர்பூலில் வசிக்கும் என் அண்ணா, 2026 ஜூலையில் சவுத்போர்ட் நகரின் ரோயல் பேர்க்டேல் மைதானத்தில் நடைபெறும் ஓப்பன் கோல்ஃப் போட்டிக்கு அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு எடுத்திருக்கிறார். புதன்கிழமை பயிற்சி நாள், வெள்ளிக்கிழமை போட்டி நாள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு. பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கிறவர். எனக்கு அதிகம் தெரியாது. எங்கே நிற்பது, ஒரே வீரரைப் பின்தொடர்ந்து நடக்கலாமா, எதைக் கொண்டுபோவது, எதைச் செய்யக் கூடாது என்று விளக்க முடியுமா?"

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நேரில் பார்க்கிறவருக்குக் காணக் கிடைக்கும் பந்தடிகள் தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்குக் கிடைப்பதை விட மிகக் குறைவு. ஹோல் என்பது, டீ எனப்படும் தொடக்க மேடையிலிருந்து கிரீன் எனப்படும் குட்டைப் புல்தரையில் உள்ள குழி வரையிலான ஒரு பகுதி. பதினெட்டு ஹோல்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்போது, நீங்கள் நிற்கும் இடத்தில் நடப்பது மட்டுமே உங்கள் கண்ணுக்கு எட்டும். ஆகவே எந்த வீரரைப் பார்ப்பது என்பதை விட, எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பது என்பதையே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆடிவேல் விழாவில் தேரோடு காலி வீதி நெடுக நடந்து செல்பவர்களும் உண்டு, பம்பலப்பிட்டியில் ஓரிடம் பிடித்துத் தேர் வரும்வரை காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் தரிசனம்தான் என்றாலும், முழங்கால் வலியுள்ளவருக்கு இரண்டாவதே பொருத்தம். கோல்ஃபிலும் அதே இரண்டு வழிகள்தான் உள்ளன. நீங்களும் அண்ணாவும் காலையில் நடந்து பாருங்கள், அப்பா ஓரிடத்தில் அமர்ந்து பார்க்கட்டும், பிற்பகலில் மூவரும் சேர்ந்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

பேர்க்டேல் பார்வையாளருக்கு வாய்ப்பான மைதானம். கடலோர மணல்மேடுகளுக்கு இடையில் உள்ள தாழ்வான பகுதிகளில் ஃபேர்வேக்கள் (டீக்கும் கிரீனுக்கும் இடையே புல் வெட்டப்பட்ட பாதைகள்) ஓடுவதால், மேட்டின் சரிவில் நிற்பவருக்கு முன்னே நிற்பவரின் தலை மறைக்காது. 2017இல் அங்கு நடந்த ஓப்பனுக்கு 2,35,000 பேர் வந்தனர். அத்தகைய கூட்டத்திலும் ஆட்டத்தை நன்றாகப் பார்க்க முடிவது இந்த மேடுகளால்தான். ஆனால் அதே மேடுகள் காலுக்குச் சோதனையும் ஆகும். பதினெட்டு ஹோல்களையும் சுற்றிவர, பார்வையாளர் பாதை வழியே பத்துக் கிலோமீற்றருக்குக் குறையாமல் நடக்க நேரும். அதில் பெரும்பகுதி மணலும் வழுக்கும் நீண்ட புல்லும்தான்.

புதன்கிழமையை வேடிக்கை பார்க்கும் நாளாகக் கழித்துவிடாதீர்கள். மைதானத்தைப் படிக்க உங்களுக்குக் கிடைத்திருக்கும் நாள் அது. வாயிலில் கிடைக்கும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஹோலின் கிரீனுக்குப் பக்கத்தில் அடுத்த ஹோலின் டீ இருக்கிறது, குறுக்கே கடக்கும் வழிகள் எங்கே, கழிவறையும் தண்ணீர் நிரப்பும் இடமும் எங்கே, அப்பா ஏறக்கூடிய படிகள் எந்தப் பார்வையாளர் மேடையில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நாளில் வீரர்கள் இறுக்கமின்றி இருப்பார்கள். ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று பந்துகளை அடித்துப் பார்ப்பார்கள், கிரீனில் நாளை குழி எங்கே வெட்டப்படும் என்று ஊகித்து அந்தப் பக்கம் பந்தை உருட்டிப் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்க விரும்பினால் அதற்கும் அன்றைய நாளே ஏற்றது. போட்டி நாளில் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரிடம் கையெழுத்துக் கேட்பது பெரும் தவறு.

பயிற்சி அடித்தளத்தில், அதாவது வீரர்கள் பந்தடித்துப் பழகும் திடலில், ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். தொலைக்காட்சி காட்டத் தவறும் ஒன்றை அங்கே காண்பீர்கள். கடற்காற்றுக்குள் ஒரு வீரர் அதே கோலால் ஒரு பந்தை உயர்த்தியும் அடுத்ததைத் தோள் உயரத்துக்கு மேல் எழாமல் தாழ்த்தியும் அடிப்பார். தாழ்த்தி அடிக்கும்போது அவருடைய கைகள் பாதியிலேயே நின்றுவிடும், இறுகிய தரையில் இரும்பு படும் சத்தமும் மாறும். இதை அருகில் நின்று பார்த்த பிறகு வெள்ளிக்கிழமை ஆட்டம் உங்களுக்கு வேறு விதமாகப் புரியும்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஓப்பனில் 156 வீரர்கள் மும்மூன்று பேராக, அனைவரும் முதலாம் ஹோலிலிருந்தே தொடங்குவார்கள். காலை ஆறரை மணியளவில் முதல் குழு புறப்பட்டால், கடைசிக் குழு புறப்படும்போது மாலை நான்கு மணியாகிவிடும். ஒரு குழு ஆடி முடிக்க ஐந்து மணி நேரம் வரை எடுக்கும். வியாழன் காலையில் ஆடியவர்கள் வெள்ளி பிற்பகலிலும், வியாழன் பிற்பகலில் ஆடியவர்கள் வெள்ளி காலையிலும் ஆடுவார்கள். நேர அட்டவணை போட்டி தொடங்கும் முன்பே வெளியாகிவிடும் என்பதால், அப்பா பார்க்க விரும்பும் வீரர் காலையா பிற்பகலா என்று பார்த்து, அதற்கேற்ப உங்கள் நாளை வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு குழுவைப் பின்தொடர்வதானால், அவர்களோடு நடக்காதீர்கள், அவர்கள் அடுத்து அடிக்கப்போகும் இடத்துக்கு முன்னதாகவே நடந்து செல்லுங்கள். அவர்கள் டீயில் நிற்கும்போது நீங்கள் பந்து விழக்கூடிய இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அவர்கள் அங்கிருந்து அடுத்த அடியை அடிக்க ஆயத்தமாகும்போது நீங்கள் கிரீனை நெருங்கியிருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் பட் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) முடியும்வரை காத்திருந்து ஒன்றாக நகரும். நீங்கள் அதற்குள் அடுத்த ஹோலில் கயிற்றை ஒட்டி இடம் பிடித்திருப்பீர்கள். எல்லா அடிகளையும் இப்படிப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டில் ஒன்றை முழுமையாகப் பார்ப்பது, ஒவ்வொன்றையும் மூன்று வரிசை தோள்களுக்குப் பின்னாலிருந்து அரைகுறையாகப் பார்ப்பதை விட மேலானது. மிகப் புகழ்பெற்ற வீரரின் குழுவைத் தவிர்த்து, அதற்கு இரண்டு குழு முன்னே செல்பவர்களைத் தேர்ந்தெடுத்தால் பாதி நெரிசல் குறையும். அவர்களும் உலகின் தலைசிறந்த வீரர்களே.

டீ அருகே நிற்பதானால் வீரருக்கு நேர் பின்னால், அடிக்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் அடியைப் பார்ப்பீர்கள், பந்தைப் பார்க்க மாட்டீர்கள். வெளிறிய மேகத்துக்கு முன்னால் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தப்பிவிடும். பின்னால் நிற்பவருக்கோ, பந்து நேராகக் கிளம்பிக் காற்றில் சிறிது சிறிதாக வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்வது தெளிவாகத் தெரியும்.

அப்பாவுக்கு, "பார் மூன்று" ஹோல் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குறுகிய ஹோல்; பார் என்பது அப்படி நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) ஒன்றின் கிரீனை ஒட்டிய பார்வையாளர் மேடையைப் பரிந்துரைக்கிறேன். அங்கே டீயிலிருந்து குழிவரை முழு ஹோலும் ஒரே பார்வையில் அடங்கும். இருக்கைகள் பொதுவாக முதலில் வருபவருக்கே. ஏறுவதும் இறங்குவதும் ஒரு குழு ஆடி முடித்து அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே. எழுந்து போனால் இடம் போய்விடும் என்பதால், தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் மாத்திரையும் அவரிடமே இருக்கட்டும். நடமாடச் சிரமப்படுவோருக்கான வசதிகளை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்த வேலையை அண்ணாவிடம் இப்போதே ஒப்படையுங்கள்.

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பப்பரே இசையோடு கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. தொலைவில் எழும் தொடர்ச்சியான இரைச்சல் வீரரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அமைதிக்கு நடுவே திடீரென எழும் சிறு சத்தமும் பார்வையின் ஓரத்தில் தெரியும் அசைவும்தான் பாதிக்கின்றன. எனவே வீரர் பந்தருகே நிலைகொண்ட கணத்திலிருந்து பந்து கிளம்பும் வரை பேச்சும் கூடாது, நடையும் கூடாது. மார்ஷல் (கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்) கையை உயர்த்தினால், நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நின்றுவிடுங்கள். கிரீனில் வீரர் பட் செய்யும் கோட்டுக்கு நேர் எதிரே, குழிக்கு அப்பால் நிற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என் மனதை மிகவும் வருத்தும் பழக்கம் ஒன்று உண்டு: புகழ்பெற்ற வீரர் தன் பந்தைக் குழிக்குள் இட்டதும் கூட்டம் அடுத்த டீயை நோக்கி ஓடத் தொடங்கும், அவரோடு ஆடும் மற்றொருவர் ஒரு மீற்றர் தூரப் பட் ஒன்றை மீதம் வைத்துக்கொண்டு, அந்தக் காலடிச் சத்தத்துக்கு நடுவே காத்து நிற்பார். அந்த ஒரு பட் அவருடைய ஆண்டையே தீர்மானிக்கக்கூடும். மூன்றாமவரும் முடிக்கும் வரை நின்று, அவருக்கும் கைதட்டிவிட்டுச் செல்லுங்கள்.

பாதுகாப்பு விடயத்தில் அலட்சியம் வேண்டாம். தொழில்முறை வீரரின் டீ அடியில் பந்து மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தை எட்டக்கூடியது. 2018இல் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கிண்ணப் போட்டியில் (ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதுவது), அமெரிக்க வீரர் புரூக்ஸ் கெப்காவின் டீ அடி தாக்கிப் பார்வையாளர் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பந்து விழும் பகுதியில் நிற்கும்போது டீ பக்கம் முதுகைக் காட்டாதீர்கள். டீயில் மார்ஷல் கையை ஒரு பக்கம் நீட்டினால் பந்து அந்தப் பக்கம் வருகிறது என்று பொருள். பந்து வருகிறது என்று எச்சரிக்கும் "ஃபோர்" என்ற கூச்சல் கேட்டால் வானத்தை அண்ணாந்து தேடாமல், உடனே குனிந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

பந்து உங்கள் காலடியில் வந்து நின்றாலும் அதைத் தொடக் கூடாது. தவறிப்போய் யாராவது நகர்த்திவிட்டால் வீரருக்குத் தண்டனை இல்லை; பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம். ஆனால் அந்த இடம் எது என்பதைத் தீர்மானிக்க நடுவர் வர வேண்டியிருக்கும். பந்தைத் தேட விதிகள் தருவது மூன்று நிமிடம்தான். ஆகவே புல்லுக்குள் அது விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைத்து மார்ஷலிடம் காட்டினால், அது பேருதவியாகும். 2017இல் இதே பேர்க்டேலில் கடைசி நாளன்று, 13ஆம் ஹோலில் அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத்தின் டீ அடி வலப்பக்க மணல்மேட்டில் விழுந்தபோது, தண்டனை அடியை ஏற்றுப் பயிற்சி அடித்தளத்திலிருந்து அடுத்த அடியை அடிக்க அவருக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் பிடித்தது. அத்தனை நேரமும் கூட்டத்தை விலக்கி வழிவிடச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த ஹோலில் ஓர் அடியை மட்டுமே இழந்து, அடுத்த நான்கு ஹோல்களில் பேர்டி (பாரை விட ஓர் அடி குறைவு), ஈகிள் (இரண்டு அடி குறைவு), பேர்டி, பேர்டி என ஆடி அவர் கிண்ணத்தை வென்றார். இவ்வாறான வேளையில் விலகச் சொன்னவுடன் விலகுவதே பார்வையாளர் ஆற்றக்கூடிய பங்கு.

உடையைப் பொறுத்தவரை, ஜூலை என்பதற்காகக் கொழும்பு வெயிலை நினைத்துப் பொதி கட்டாதீர்கள். அங்கே பகல் வெப்பநிலை பெரும்பாலும் இருபது பாகையை ஒட்டியே இருக்கும். கடற்காற்று அதையும் குறைத்துக் காட்டும். மெல்லிய ஆடைகளை இரண்டு மூன்று அடுக்காக அணிந்து, மேலே தண்ணீர் புகாத மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது, பின்னால் இருப்பவரையும் மறைக்கும். சப்பாத்து, அடிப்பகுதி வழுக்காததாகவும் ஏற்கெனவே நடந்து பழகியதாகவும் இருக்கட்டும். சேலை, செருப்பு இரண்டும் மணல்மேட்டுக்கு ஒத்துவராது. பை சிறியதாக இருந்தால் சோதனையில் நேரம் மிச்சமாகும். கைத்தொலைபேசி ஓப்பனில் அனுமதிக்கப்படுகிறது, அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸில் முற்றாகத் தடை. அனுமதி உண்டென்றாலும் வாயிலிலேயே அதை ஒலியற்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். படம் பிடிக்கும் விதிகளை நுழைவுச்சீட்டோடு வரும் அறிவுறுத்தலில் படித்துக்கொள்ளுங்கள். வீரர் அடிக்க நிற்கும்போது கருவியை உயர்த்தவே வேண்டாம்.

புறப்படும் முன் பொரளையில் உள்ள ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தில் ஏதேனும் போட்டி நடக்கிறதா என விசாரித்து, பார்வையாளருக்கு அனுமதி கேட்டுச் சென்று வாருங்கள். 1879இல் தொடங்கிய கழகம் அது. களனிவெளிப் புகையிரதப் பாதை அதன் மைதானத்துக்கு ஊடாகவே செல்கிறது. அங்கத்தவர்களுக்கான இடம் என்பதால் முன்கூட்டிக் கேட்பது அவசியம். ஆட்டத்தின் வேகத்தையும் எப்போது நிற்பது, எப்போது நடப்பது என்பதையும் நெரிசல் இல்லாத சூழலில் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

வெள்ளி மாலையை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்றைய ஆட்டம் முடியும்போது முதல் எழுபது இடங்களிலும், எழுபதாம் இடத்தில் சமநிலையிலும் உள்ளவர்கள் மட்டுமே சனிக்கிழமைக்குத் தேறுவார்கள், மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். புள்ளிப் பலகையில் சிவப்பு எண் பாருக்குக் கீழே என்பதைக் குறிக்கும். தேறும் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று வானொலி வர்ணனையில் கேட்டுக்கொண்டு, ஐந்து மணிக்குப் பிறகு மூவரும் 18ஆம் கிரீன் மேடைக்குச் செல்லுங்கள். அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டு வரும் பெயர் தெரியாத வீரரின் இரண்டு மீற்றர் தூரப் பட் ஒன்றைப் பார்ப்பதற்கு ஈடான ஒன்றை முன்னணி வீரரிடம்கூட அன்று காண மாட்டீர்கள். அங்கே இருட்டுவதற்கு இரவு ஒன்பதரை மணியாகும் என்பதால் அவசரம் வேண்டாம். லிவர்பூலுக்குத் திரும்பும் புகையிரதத்துக்கான ஹில்சைட் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருந்தாலும், கடைசிக் குழுவோடு வெளியேறினால் அங்கே நீண்ட வரிசையில் நிற்க நேரும். அப்பாவின் முழங்காலை எண்ணி, கடைசி இரண்டு குழுக்களுக்கு முன்பே எழுந்துவிடுங்கள்.