எரர் போய்விட்டது, தவறு போகவில்லை

கேள்வி: 4,000 வரி உள்ள விற்பனை ஃபைலைப் படித்து மொத்தத் தொகை போட பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். பாதியில் எரர் வந்து நின்றது. பணம் கொடுத்து ஒருவரிடம் சரிசெய்து வாங்கினேன். இப்போது எரர் இல்லை, ஆனால் தொகை குறைவாக வருகிறது. எங்கே தேடுவது?

பதில்: முதலில் அந்த ஆள் என்ன செய்தார் என்று பாருங்கள். 'எக்செப்ட்' என்று ஒரு வரி, அதன் கீழே 'பாஸ்' என்று ஒரு வரி இருக்கும், பந்தயமே கட்டுவேன். எரர் வந்தால் கண்டுகொள்ளாமல் ஃபைலின் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற வேலை இது. வெறும் எக்செப்ட் போட்டால் ஓடுவதை நிறுத்த நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல்-சியையும் சேர்த்து விழுங்கிவிடும். இப்படி அரை மணியில் எரரை மறைத்துக் காசு வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதச் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகள் எரரைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்காதவரை அவர்களுக்குப் பிழைப்பு ஓடும்.

சரி, அந்த எக்செப்டையும் அதற்கு ஜோடியாக மேலே இருக்கும் 'ட்ரை' வரியையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். வருகிற எரரில் கடைசி வரியை முதலில் படியுங்கள், மேலிருந்து படித்து மிரள வேண்டாம். 'வேல்யூ எரர்', அதாவது மதிப்பு சரியில்லை, என்று இருந்தால் அதே வரியில் மேற்கோள் குறிக்குள் மாட்டிய மதிப்பும் இருக்கும், அநேகமாக '1,200' மாதிரி. நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளி, எழுத்தை எண்ணாக மாற்றும் 'ஃப்ளோட்' கட்டளைக்குப் புரியாது. அதை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள். மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லையென்றால் அது காலியான கட்டம்.

எக்செப்டே கூடாது என்று சொல்லவில்லை. ஃபைல் வேறு யாரோ அனுப்புவது, அதில் குப்பை வரத்தான் செய்யும் என்றால் போடலாம். ஆனால் வேல்யூ எரரை மட்டும் பிடியுங்கள், எந்த வரியில் வந்தது என்று அச்சிடுங்கள், கடைசியில் "4,000 வரியில் 37 விட்டுப்போனது" என்று எண்ணிக்கையும் சொல்ல வையுங்கள். எண்ணிக்கை சொல்லாமல் தவிர்ப்பதுதான் உங்கள் தொகையைத் தின்றது.

எரரே வராமல் தொகை மட்டும் தப்பாக இருந்தால் ஃபைலைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் புரோகிராமின் தொகை உதைக்கிறது என்று எக்செலில் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அந்தப் பாதியில் பாதி. 12 முறை வெட்டினால் ஒரே வரியில் வந்து நிற்பீர்கள்.

அடுத்த முறை யாரிடமாவது கொடுத்தால், எந்த வரி தப்பு, ஏன் தப்பு என்று காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.