எந்தக் கதவைத் தட்டுவது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாறும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, இந்தியாவில் ஓரிரு செமஸ்டர் படித்துவிட்டு அமெரிக்கா போகிறவர்களுடையவை. மீதி, அங்கேயே எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுடையவை. இரு தரப்பும் பெரும்பாலும் தவறான இடத்தில் கேட்டுவிட்டு அலைகிறார்கள். இடம் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம். கிரெடிட்டைப் பதிவேட்டில் ஏற்றுவது ரெஜிஸ்ட்ரார். ஒரு பாடம் இன்னொரு பாடத்துக்கு ஈடா என்று தீர்மானிப்பது அந்தந்தத் துறை. விசா நிலையைப் பார்ப்பது சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. அடுத்தவர் வேலையைப் பற்றிக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதிலை மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு கிடையாது.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டு வந்தேன். 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்துக்கு 4 கிரெடிட் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கால்குலஸ் 1-ஐ முதலிலிருந்து படிக்கச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்?

அந்த 4 கிரெடிட்டும் 'எலெக்டிவ்' என்ற கணக்கில் வந்திருக்கும். மொத்தக் கிரெடிட்டில் சேரும். ஆனால் உங்கள் பட்டத்துக்குக் கட்டாயமான எந்தப் பாடத்தின் இடத்தையும் நிரப்பாது. காரணம் பாடத்திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (ரெகுலேஷன்) இந்தப் பாடத்துக்கு (குறியீடு எம்.ஏ.3151) ஐந்து அலகுகள்: அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடுகள். அமெரிக்காவில் இவை கால்குலஸ் 1, 2, 3, லீனியர் அல்ஜீப்ரா என்று நான்கு பாடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே கால்குலஸ் 2-இல் பெரும்பங்கு பிடிக்கும் முடிவிலித் தொடர்கள் இந்த ஐந்து அலகில் இல்லவே இல்லை. மதிப்பிடுகிறவர் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கிறார், எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, எலெக்டிவ் கணக்கில் தள்ளிவிடுகிறார்.

கணிதத் துறையின் இளநிலை ஆலோசகருக்கு மறுபரிசீலனை மனு கொடுங்கள். கேட்பது கால்குலஸ் 1 மட்டுமாக இருக்கட்டும்; கால்குலஸ் 1, 2, 3 மூன்றையும் கேட்டால் மூன்றும் போய்விடும். மனுவோடு இணைக்க வேண்டியவை: நீங்கள் படித்த ஒழுங்குமுறையின் பாடத்திட்டம் (2017-உம் 2021-உம் வேறு வேறு, மாற்றி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்), எல்-டி-பி-சி (விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட்) வரிசையும் ஒவ்வொரு அலகுக்கான மணி நேரமும் தெரியும் பக்கம், பாடநூல் பட்டியல், மதிப்பெண் பட்டியல், கிடைத்தால் பல்கலைக்கழகத் தேர்வு வினாத்தாள். இவற்றுக்கு மேலே ஒரு பக்க அட்டவணை வையுங்கள்: இடப்பக்கம் அவர்களுடைய கால்குலஸ் 1 தலைப்புகள், வலப்பக்கம் அது உங்கள் பாடத்தில் எந்த அலகில் வருகிறது என்ற குறிப்பு. மனுவைப் படிக்கிறவர் பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அப்படியும் மறுத்தால் பிளேஸ்மென்ட் தேர்வோ, தேர்வெழுதிக் கிரெடிட் பெறும் வழியோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பாடத்துக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் தேர்வுக் கட்டணம் சொற்பம்.

இயற்பியலில் வேறொரு சிக்கல். அமெரிக்காவில் ஆய்வகமும் சேர்ந்ததுதான் பாடம். நம் ஊரில் தியரிக்கு ஒரு குறியீடு, ஆய்வகத்துக்கு இன்னொன்று. அந்த ஆய்வகத்திலும் இயற்பியல், வேதியியல் இரண்டும் கலந்து இருக்கும். இரண்டு குறியீடுகளையும் சேர்த்து ஒரே மனுவில் கேட்காவிட்டால் 'ஆய்வகம் இல்லை' என்று திருப்பிவிடுவார்கள். பைத்தான் பாடத்துக்கும் இதே கதை. 'தமிழர் மரபு' பாடத்தின் ஒரு கிரெடிட்டை மனிதவியல் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதற்காக ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று: பெரும்பாலான இடங்களில் கிரெடிட்தான் வரும், மதிப்பெண் வராது. உங்கள் சி.ஜி.பி.ஏ. எவ்வளவாக இருந்தாலும் அங்கே ஜி.பி.ஏ. கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டால் கல்லூரி பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்கிறது, பல்கலைக்கழகம் கல்லூரிக்குப் போகச் சொல்கிறது. யார் தர வேண்டும்?

உங்கள் மதிப்பெண் பட்டியலில் யாருடைய தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ அவர். சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வு நடத்துவதே கல்லூரிதான், ட்ரான்ஸ்கிரிப்டும் அங்கேதான். பட்டம் பல்கலைக்கழகம் தருகிறது என்பதை வைத்துக் குழம்பாதீர்கள்.

போவதற்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டுமா, அல்லது அவர்களே மதிப்பிடுவார்களா? அறிக்கை வேண்டுமென்றால் பாடவாரியான அறிக்கையை வாங்குங்கள். பட்டம் ஈடா இல்லையா என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை கிரெடிட் மாற்றத்துக்கு உதவாது. முதலில் அந்த நிறுவனத்தில் கணக்குத் தொடங்கிக் குறிப்பு எண் வாங்க வேண்டும், அந்த எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும், பிறகுதான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். எண் இல்லாமல் போய்ச் சேர்ந்த உறை யாருடையது என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். முத்திரையிட்ட உறைகளை ஒரே தடவையில் மூன்று நான்கு வாங்கிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஒன்றைப் பிரித்தால் அது வெறும் நகல்தான்.

கல்லூரியை விடும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இடைநிற்றலுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, டி.சி.யோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் பேச்சின் தொனி மாறும்.

கேள்வி: மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இடத்தில். தொல்லை வருமா?

வரும், ஆனால் சமாளிக்கக்கூடியதுதான். அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் மூலம் பாஸ்போர்ட். ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவம்), பல்கலைக்கழக விண்ணப்பம், மதிப்பீட்டு நிறுவனக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' என்றொரு கட்டம் இருக்கும். இனிஷியலோடு கூடிய பெயரை அங்கே போடுங்கள். பெரும்பாலானோர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், பிறகு ட்ரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தும் கணினியில் அவர்கள் கோப்போடு ஒட்டுவதில்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இந்தியாவிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பிறகு வகுப்பில் உங்களை அப்படியே கூப்பிடுவார்கள். பயணத்துக்கு நேரம் இருந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலேயே வேறு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. செவிஸ் பதிவை விடுவிக்கும் தேதியை நானே சொல்ல வேண்டுமாம். எந்தத் தேதி நல்லது?

இதுதான் முழு மாற்றத்திலும் முக்கியமான முடிவு. செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவேடு. அந்தத் தேதி வரை உங்கள் பதிவு பழைய பல்கலைக்கழகத்தின் கையில். அன்று முதல் புதியவர்கள் கையில். தேதி வருவதற்கு முன் மனம் மாறினால் பழைய டி.எஸ்.ஓ. ரத்து செய்யலாம். வந்த பிறகு அவரால் அந்தப் பதிவைத் தொட முடியாது. இரண்டு இடத்தில் அட்மிஷன் இருந்தாலும் பதிவு ஓரிடத்துக்குத்தான் போகும், ஆகவே முடிவெடுக்காமல் தேதி கொடுக்காதீர்கள்.

தேதியை நிர்ணயிப்பது உங்கள் கோடைத் திட்டம். பழைய வளாகத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் விடுவிப்புத் தேதியோடு அந்த வேலை நின்றுபோகும். ஓ.பி.டி. (படிப்போடு தொடர்புள்ள வேலைப் பயிற்சி) அனுமதியும் அன்றே முடியும். வேலை அனுமதி அட்டையில் இன்னும் மாதங்கள் மிச்சம் இருப்பதாக அச்சிட்டிருந்தாலும் செல்லாது. எனவே வேலை பார்ப்பவர்கள் தேதியைத் தள்ளிப்போடலாம். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். புதிய ஐ-20 விடுவிப்புத் தேதிக்குப் பிறகுதான் கிடைக்கும். திரும்பி நுழையும்போது புதிய பல்கலைக்கழகத்தின் ஐ-20 கையில் இருக்க வேண்டும். கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே விடுவிக்கச் சொல்லி, ஐ-20 வந்த பிறகு விமானம் ஏறுங்கள். கோடையில் வேலையும் வேண்டும், ஊருக்கும் போக வேண்டும் என்றால் ஒன்றை விடத்தான் வேண்டும்.

எல்லைகள் இவை: படிப்பை முடித்தவர்கள் 60 நாள் சலுகைக் காலத்துக்குள் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். விடுவிப்புத் தேதி, படிப்பு முடிந்த தேதி இரண்டில் முந்தையதிலிருந்து 5 மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும், ஐ-20-இல் உள்ள தொடக்க நாளிலிருந்து 15 நாளுக்குள் புதிய டி.எஸ்.ஓ.விடம் வந்துவிட்டதாகப் பதிவு செய்ய வேண்டும். வகுப்புக்குப் போனாலே போதும் என்று நினைத்து இந்தக் கடைசிப் படியை விடுகிறவர்கள் உண்டு. அது பதிவை முடக்கும் அளவுக்குப் போகலாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வரைவு விதி, 60 நாளை 30 ஆகக் குறைக்கவும், இளநிலை மாணவர்கள் முதல் ஆண்டிலேயே மாறுவதைக் கட்டுப்படுத்தவும் முன்மொழிந்தது. தேதி கொடுக்கும் முன் இந்த இரண்டையும் டி.எஸ்.ஓ.விடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசாவில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. புது விசா வேண்டுமா? 350 டாலர் செவிஸ் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டுமா?

செவிஸ் எண் மாறவில்லை என்றால் இரண்டும் வேண்டாம். காலாவதியாகாத விசாவோடு புதிய ஐ-20-ஐக் காட்டி நுழையலாம். இடையில் 5 மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். புதிய எண், புதிய கட்டணம், பெரும்பாலும் புதிய விசா.

கேள்வி: பழைய இடத்தில் கட்டணப் பாக்கி இருக்கிறது. மாற விடுவார்களா?

பாக்கியைக் காரணம் காட்டிச் செவிஸ் பதிவைப் பிடித்து வைக்கக் கூடாது. ஆனால் பல இடங்களில் ட்ரான்ஸ்கிரிப்டைப் பிடித்து வைப்பார்கள், அது இல்லாமல் புதிய இடத்தில் கிரெடிட் ஏறாது. ரெஜிஸ்ட்ராரிடம் மன்றாடிப் பயனில்லை. மாணவர் கணக்கு அலுவலகத்தில் தவணை கேளுங்கள். தவணைக்கு ஒத்துக்கொண்டதும் தடையை நீக்குவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு பாடம் சரியாக வரவில்லை. விட்டுவிட்டால் 9 கிரெடிட்தான் இருக்கும். மாறப்போகிற செமஸ்டர்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை அல்ல. இளநிலையில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேண்டும்; அதில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடம் ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட் வரைதான், கணக்கில் சேரும். பாடத்தை விடுவதற்கு முன் டி.எஸ்.ஓ.வின் அனுமதி செவிஸில் ஏற வேண்டும். படிப்புச் சிரமம் என்ற காரணத்தில் ஒரு கல்வி நிலைக்கு ஒரு தடவைதான் தருவார்கள், அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும். போர்ட்டலில் 'டிராப்' பொத்தான் வேலை செய்கிறது என்பதால் அனுமதி உண்டு என்று பொருளில்லை. அந்தப் பொத்தானுக்கு உங்கள் விசாவைப் பற்றித் தெரியாது.

கேள்வி: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படிக்கிறேன். சென்னையில் ஒரு செமஸ்டர் படித்து அரியர் வைத்துவிட்டு வந்ததை யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும். கிரெடிட் வேண்டாம் என்றாலும், தோற்றிருந்தாலும், படித்த எல்லா இடங்களையும் எழுத வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்வார்கள். அரியரைவிட மறைப்புதான் ஆபத்து. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 யு.சி. வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கு உத்தரவாத இடம் தருகின்றன. ஒன்றுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம், செப்டம்பர் மாதத்துக்குள். அதன் பிறகு வழக்கமான விண்ணப்பத்தையும் தனியாக அனுப்ப வேண்டும். உத்தரவாதம் இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டால் உத்தரவாதமும் போச்சு.

கேள்வி: மகனுக்காகக் கட்டணம் கட்டுவது நான். அவன் கிரெடிட் நிலவரத்தைக் கேட்டுப் போன் செய்தால் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற, மாணவர் தகவல்களின் ரகசியம் காக்கும் சட்டப்படி கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் அவருக்கே உரியவை, வயது எதுவானாலும். மாணவர் போர்ட்டலில் தகவல் வெளியீட்டு ஒப்புதல் படிவம் இருக்கும். அவர் உங்கள் பெயரைச் சேர்த்தால் பேசுவார்கள். ஆனால் மாணவரே எழுதும் மின்னஞ்சலுக்குத்தான் வேகமாகப் பதில் வரும்.

கேள்வி: வகுப்புப் பதிவு திறந்துவிட்டது, எனக்கு மட்டும் 'ஹெல்த் ஹோல்ட்' என்று காட்டுகிறது. ஊசியெல்லாம் போட்டாயிற்றே?

போட்டதற்கான காகிதம் போதாமல் இருக்கும். எம்.எம்.ஆர். இரண்டு தவணை கேட்பார்கள். நம் பழைய தடுப்பூசி அட்டைகளில் தட்டம்மை மட்டும் இருக்கும், அம்மைக்கட்டும் ரூபெல்லாவும் இருக்காது. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவை ஏற்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஊரிலேயே இரண்டு தவணையையும் குறைந்தது 28 நாள் இடைவெளியில் போட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்யச் சொன்னால் அதற்குப் பதிலாக ரத்தத்தில் பார்க்கும் இக்ரா பரிசோதனையைக் கேளுங்கள். குழந்தையில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். அதன் பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். டெக்சஸுக்குப் போகும் 22 வயதுக்கு உட்பட்டவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் செமஸ்டர் தொடங்க 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். எல்லாச் சான்றும் ஆங்கிலத்தில், தேதியோடும் மருத்துவரின் முத்திரையோடும் இருக்கட்டும். போர்ட்டலில் ஏற்றியதும் ஹோல்ட் தானாக நீங்காது, ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மூன்று வேலை நாளில் நீங்காவிட்டால் மாணவர் எண்ணைத் தலைப்பில் போட்டு மாணவர் நல மையத்துக்கே எழுதுங்கள், ரெஜிஸ்ட்ராருக்கு வேண்டாம்.