நம் செய்திக்கு நாம் கொடுக்கும் 10 வெள்ளி

கேள்வி: எங்கள் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் செய்திகளை வெளியிடும் இணையச் செய்தித்தளம் ஒன்று மாதம் 10 வெள்ளி சந்தா கேட்கிறது. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா, மலேசியா

பதில்: தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தால், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த நோட்டீஸ் செல்லுமா, நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தை நிர்வாகம் பின்பற்றியிருக்கிறதா என்றெல்லாம் நில அலுவலகத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் நடந்து கேட்பதற்கும், மாற்று வீடு தருவதாகச் சொன்னவர்கள் தந்தார்களா என்று ஆறு மாதம் கழித்து மீண்டும் போய்ப் பார்ப்பதற்கும் ஒருவருடைய முழுநேர உழைப்பு வேண்டும். அந்த இரண்டாவது பயணம்தான் செய்தியாளரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான செலவை வீடமைப்பு நிறுவனங்களின் விளம்பரம் தராது, தந்தாலும் வாங்கக்கூடாது.

பணமில்லாமல் நின்றுபோன குரல்கள் பல. அம்பேத்கர் 1920இல் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் பண உதவியோடு தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழ் சில ஆண்டுகளே நீடித்தது. நம் நாட்டில் 1924 முதல் வந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றது. மறுபுறம், உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூட வட்டாரத்தில் 2002இல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தொடங்கிய ‘கபர் லகரியா’ அச்சிதழிலிருந்து கைப்பேசிக் காணொளிக்கு மாறி இன்றும் இயங்குகிறது. தங்கள் ஊரின் குழாயையும் சாலையையும் அவர்கள் விடாமல் எழுதினார்கள்.

1,700 வெள்ளி குறைந்தபட்ச ஊதியத்தில் வாழும் குடும்பத்துக்கு 10 வெள்ளி சிறு தொகையன்று. ஆகவே, தோட்டத்திலிருந்து வெளியேறிப் பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சந்தா கட்டட்டும். தோட்டத்தில் இருப்பவர்கள் இலவசமாகவே படிக்கட்டும். கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வரவு செலவை மக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்களா? அரசியல்வாதி ஒருவர் கொடுத்த பணத்தை மறைக்கும் தளத்துக்கு 10 காசுகூடக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து இப்படியொரு தளம் தொடங்க நினைக்கிறோம். உரிமம் வேண்டுமா? ஆபத்து உண்டா?
– வாசகி, கோல சிலாங்கூர்

பதில்: அச்சுப் பத்திரிகைக்கு 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும், இணையத்தளத்துக்கு அது தேவைப்படுவதில்லை. 1999இல் மலேசியாகினி என்ற செய்தித்தளம் இணையத்தில் பிறக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் அவதூறுச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காகவே மலேசியாகினி நீதிமன்றத்தை அவமதித்ததாக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அத்தொகையைப் பொதுமக்கள் ஒரே நாளில் திரட்டிக் கொடுத்தார்கள். உங்கள் பின்னால் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். எனவே படித்துப் பார்த்த கருத்துகளை மட்டும் வெளியிடுங்கள்; நிர்வாகத்தின் பதிலைக் கேட்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களுக்கு இருக்கிறது. குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தாயும், பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளையும் மனமுருகிப் பேசிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரும் படமும் இணையத்தில் நிலைத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் அதை வீட்டில் உட்கார்ந்து விளக்குங்கள். பிறகு ஒரு நாள் அவகாசம் கொடுத்து, மீண்டும் போய்ச் சம்மதம் கேளுங்கள்.