அரண்மனை இன்று மூடியிருக்கிறதா?

கேள்வி: வயதான பெற்றோருடன் முதன்முறையாக பாங்காக் செல்கிறோம். தரகர்களின் தொல்லையையும் ரயில் நெரிசலையும் எப்படிச் சமாளிப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: பாங்காக் தரகர்கள் பெரும்பாலும் கையைப் பிடித்து இழுப்பவர்கள் அல்லர், மிகுந்த மரியாதையுடன் பேசுவார்கள் என்பதுதான் சிக்கலே. பெரிய அரண்மனையின் மதிலோரம் நேர்த்தியாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று பூஜை நடக்கிறது, பிற்பகலில்தான் திறப்பார்கள்" என்று சொல்லி, அதுவரை 20 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாக ஒரு டுக்டுக்கை (ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டி) கைகாட்டுவார். அந்த வண்டி கோயிலில் சற்றே நின்று, ரத்தினக் கடையிலும் தையற்கடையிலும் நெடுநேரம் நிற்கும். ஓட்டுநருக்குக் கமிஷன் அங்கேதான் கிடைக்கிறது. அரசச் சடங்குகள் நடக்கும் சில நாட்களைத் தவிர அரண்மனை நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் திறந்துவிடும் என்பதால், யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்து சென்று பார்த்துவிடுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும். புன்னகையுடன் "மை ஆவ் கா" (வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பதே நல்லது.

சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். மேம்பாலப் பாதையில் ஓடும் வான்ரயிலின் இரு முக்கிய வழித்தடங்களும் சந்திக்கும் சியாம் நிலையத்தில் அலுவலகம் விடும் நேரத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளும். பெரியவர்களுடன் அந்நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வரவேற்புக் கூடத்திலேயே வந்து அழைப்பவர்களைப் பொருட்படுத்தாமல் கீழ்த்தளத்துக்குச் சென்று, இயந்திரம் தரும் சீட்டில் உள்ள எண்ணின்படி டாக்சி ஏறுங்கள். மீட்டருக்கு மேல் கேட்கும் 50 பாட் முறையான கட்டணமே. அதற்காகச் சண்டை வேண்டாம். தகராறு முற்றினால் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்கலாம்.